பத்தாவது கட்டம்

போடி
6.10.2024

மாமாவுக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கி அடித்துவிட்டேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டு இது இரண்டாவது தாள்.

கேமரா கெட்டுப்போகவில்லை. அதை மாட்டின வினோத்குமாரை அனுப்பிப் பார்க்கச் சொல்லாதீர்கள். நான்தான் அதன்மேல் உங்கள் பழைய துண்டைப் போட்டு மூடியிருக்கிறேன். என் போனும் கெட்டுப்போகவில்லை. அணைத்து பீரோவில் வைத்திருக்கிறேன். பவதாரணியிடம் எதிர்வீட்டுக் கற்பகம் அக்கா போனில் பேசிக்கொள்கிறேன். அவள் விடுதியில் நன்றாக இருக்கிறாள். அவளிடம் எதுவும் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

நம் மகள் மதுரைக்குப் படிக்கப் போனதும், “நீ ஒத்தையில இருக்க, ஒரு பாதுகாப்புக்குத்தான்” என்று சொல்லித்தான் ஹாலில் கேமரா மாட்டினீர்கள். சரி என்றுதான் நினைத்தேன். மலையில் ஏலத்தோட்டத்தில் இருக்கிற மனுஷன், வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டுமே என்று. வெள்ளிக்கிழமை போனில் நீங்கள் கேட்டது பாதுகாப்பா?

“ராத்திரி யாருகிட்டடி பேசிக்கிட்டு இருந்த? நானும் ஒரு வாரமாப் பாக்குறேன்.”

‘டி’ போட்டதற்காகக் கோபப்படவில்லை. அந்த ‘ஒரு வாரமா’தான். ஒரு வாரம் ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். காலையில் போன் செய்து சாப்பிட்டியா, மழை பெய்யுதா என்று விசாரித்துவிட்டு, ராத்திரி திரும்பவும் பார்த்திருக்கிறீர்கள்.

சின்ன வயதில் நம் தெருவில் கண்ணாமூச்சி விளையாடும்போதும் இப்படித்தான். மின்கம்பத்தில் முகத்தைப் புதைத்து எண்ணுவீர்கள், விரல் இடுக்கில் ஒரு கண் திறந்திருக்கும். எல்லோருக்கும் தெரியும். பெரிய பையன் என்று யாரும் கேட்கவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லப் போவதில்லை. சொல்லக்கூடாத பதில் இல்லை. அந்தக் குரலில் கேட்டதற்குச் சொல்ல மனசில்லை. பேச வேண்டுமானால் எழுதுங்கள். மலைக்கு வந்து போகிற காமராஜ் அண்ணன் ஜீப்பில் கொடுத்து அனுப்புங்கள். போனில் பேசினால் நான் பேசுவதை விட்டுவிட்டு, பின்னால் என்ன சத்தம் என்று கேட்பீர்கள்.

சந்திரவல்லி

*

தோட்டம்
9.10.2024

சந்திரவல்லிக்கு,

காமராஜ் கடிதத்தை நீட்டும்போது ஒரு மாதிரியாகச் சிரித்தான். உறையின் ஓரம் ஈரமாக இருந்தது. மழையா, பிரித்துப் படித்துவிட்டு ஒட்டினானா, தெரியவில்லை. இனிமேல் டேப் ஒட்டி அனுப்பு.

நீ கோபப்படுகிறாய். கோபத்தில் பதிலை விட்டுவிட்டாய். நான் பள்ளிக்கூடத்தைத் தாண்டாதவன். ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேறு பத்து விஷயம் பேசினால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியும். இங்கே காய் குறைந்தால் வேலைக்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

நான் பார்த்ததை எழுதுகிறேன். நீ ஹாலில் விளக்கைப் போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்திருக்கிறாய். மடியில் புத்தகம். உன் உதடு அசைகிறது. நடுவில் சிரிக்கிறாய். சிரித்துவிட்டு, பீரோ இருக்கிற பக்கமாக நிமிர்ந்து பார்க்கிறாய். அந்தப் பக்கம் கேமராவில் தெரியாது. திரும்பவும் பேசுகிறாய். ஒரு நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். ஆளில்லாத வீட்டில் இதையெல்லாம் யாருக்காகச் செய்கிறாய்? நீயே சொல்.

என் நிலைமை உனக்குத் தெரியாது. ஏலக்காய் எடுப்பு நடக்கிற காலம். பச்சைக்காய் திருட்டு என்று மேனேஜர் ஒன்பது இடத்தில் கேமரா வைத்து, பார்க்கிற பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார். பகலெல்லாம் காட்டில் நடக்கிறேன். ராத்திரி காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் உட்கார்கிறேன். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். போனில் ஒன்பது கட்டம். பத்தாவதாக நம் வீடு. முதலில் கடமைக்குப் பார்த்தேன். இப்போது அணைத்துவிட்டுப் படுத்தால் கண்ணுக்குள் கட்டம் கட்டமாக ஓடுகிறது. எந்தக் கட்டத்தில் என்ன நடக்கிறதோ என்று எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். தூங்கி எவ்வளவு நாளாச்சு என்று எனக்கே தெரியவில்லை.

சந்தேகப்படுவது என் குணம் இல்லை. இங்கே அதுதான் சோலி. சிலமலையிலிருந்து ஜீப்பில் வருகிற பேச்சி என்று ஒருத்தி இருக்கிறாள். அவள் நடையே சரியில்லை. ஒரு மாதமாக அவளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்றைக்காவது மாட்டுவாள்.

ஒன்றே ஒன்று செய். கேமராவைப் பீரோ பக்கமாகத் திருப்பி வை. ஒரு ராத்திரி போதும். ஒன்றும் இல்லை என்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

காசிராஜன்

*

போடி
13.10.2024

மாமாவுக்கு,

டேப் ஒட்டித்தான் அனுப்புகிறேன். காமராஜ் அண்ணன் உங்கள் உறையிலும் டேப்பைப் பார்த்துவிட்டு, “என்ன தாயி, எம்மேலயும் சந்தேகமா?” என்று கேட்டார். என்னால் தலையைத் தூக்க முடியவில்லை.

கேமராவைத் திருப்ப மாட்டேன். இன்றைக்குப் பீரோ பக்கம் திருப்பினால் நாளைக்கு அடுப்படி, அதற்கப்புறம் கொல்லை. ஒன்றும் இல்லை என்று எத்தனை பக்கம் திருப்பிக் காட்டுவது? ஆள் இருந்தால் பிடித்துக் காட்டலாம். இல்லாத ஆளை எப்படிக் காட்டுவது?

அடுத்த தெருப் பையன் பிரபாகரனிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள்? மூன்று நாளாக நம் வாசலுக்கு வரும்போது மட்டும் அவன் வண்டி மெதுவாகப் போகிறது. நேற்று நானே வெளியே போய், “என்ன தம்பி, வழி தெரியலையா?” என்றேன். “இல்லக்கா, சும்மா இந்தப் பக்கம்...” என்று திருகிக்கொண்டு போய்விட்டான். கற்பகம் அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் ஒருவருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி.

கேட்கிறதென்று வந்துவிட்டால் எனக்கும் கேட்க இருக்கிறது. போனை மூடி வைப்பதற்கு முன்னால், தூக்கம் வராமல் எடுத்துப் பார்ப்பேன். எந்நேரம் பார்த்தாலும் உங்கள் பெயருக்குக் கீழே ஆன்லைன் என்று இருக்கும். கேமரா பார்க்கிறவருக்கு வாட்ஸ்அப்பில் என்ன வேலை? நான் கேட்கவில்லை. கேட்டால் அசிங்கம் என்று நினைத்தேன். இப்போது நீங்களே, ஒரு பெண்பிள்ளையை ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று பெண்டாட்டிக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். அவள் நடையைப் பற்றியும் எழுதுகிறீர்கள்.

எனக்கும்தான் தூக்கம் இல்லை. பகலெல்லாம் கிட்டங்கியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரிக்கிறோம். எட்டு மில்லி காய் தனி, ஏழு தனி, வெடித்தது தனி. கண் எரிகிறது. வீட்டுக்கு வந்து படுத்தால் மூடவில்லை. பவதாரணி இருந்தவரை அவள் புரளும் சத்தமாவது கேட்கும். அதனால்தான் நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துவர ஆரம்பித்தேன். கதைப் புத்தகம் படித்தால் தூக்கம் வரும் என்று யாரோ சொன்னார்கள். பொய். அடுத்து என்ன ஆச்சு என்று விடிகிற வரைக்கும் இழுக்கிறது.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ‘உன் உதடு அசைகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கேமராவில் உங்களுக்குச் சத்தம் கேட்குமா, கேட்காதா? மற்றதற்கெல்லாம் பதில் வேண்டாம். இதற்கு மட்டும் உண்மையை எழுதுங்கள்.

சந்திரவல்லி

*

தோட்டம்
18.10.2024

வல்லி,

சத்தம் கேட்காது. இங்கே சிக்னல் பற்றாது. சத்தத்தை நிறுத்தி வைத்தால்தான் படம் நிற்காமல் ஓடும் என்று முதல் வாரமே நிறுத்திவிட்டேன். நீ ஏன் அதைக் கேட்கிறாய் என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் எதைக் கேட்டிருப்பேனோ என்று பயப்படுகிறாய் என்றுதான் முதலில் தோன்றியது. அதைக் கேட்டுக் கடுமையாக ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். அனுப்பவில்லை. அதற்குள் இங்கே ஒரு காரியம் நடந்துவிட்டது.

வாட்ஸ்அப்பில் மேனேஜர் ஒரு குரூப் வைத்திருக்கிறார். கேமராவில் எதைப் பார்த்தாலும் அதில் போட வேண்டும். நீ நம்பினால் நம்பு.

புதன்கிழமை சாயங்காலம். பெண்கள் காயை எடை போட வரிசையில் நிற்கிறார்கள். நான் தொட்டிப் பக்கம் உட்கார்ந்து போனைப் பார்க்கிறேன். ஆறாவது கட்டத்தில் பேச்சி. ஸ்டோருக்குக் கீழே தள்ளி ஓடை இறங்குகிற இடத்தில் குனிந்து எதையோ எடுக்கிறாள். சுற்றிலும் பார்க்கிறாள். மடியில் சொருகுகிறாள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்க் குனிகிறாள். திரும்பவும் சொருகுகிறாள். பச்சைக்காயை அங்கே ஒளித்து வைத்து எடுக்கிறாள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. உடனே குரூப்பில் போட்டேன்.

மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கினார். “காசீ, ஒருத்தரும் போகண்டா. எல்லாரெயும் நிறுத்து” என்று அவருடைய மலையாளத் தமிழில் சொன்னார். நிறுத்தினேன். கங்காணி மூக்கம்மாளைக் கூப்பிட்டு, பேச்சி மடியை உதறிப் பார்க்கச் சொன்னது நான்தான். அவ்வளவு பேர் முன்னால்.

மூக்கம்மாள் தயங்கினாள். பேச்சி அவளைத் தொட விடவில்லை. தானே மடியை அவிழ்த்தாள். கூழாங்கல். ஐந்து கூழாங்கல். வழுவழு என்று உருண்டையாக, அஞ்சாங்கல் ஆடுகிற கல்.

அவள் அந்தக் கல்லை எடுத்துக்கொண்டு போய்த் தராசுத் தட்டில் வைத்தாள். “இதையும் எடை போட்டுக்கங்க. நாளைக்கு மலையில கல்லு கொறையுதுன்னு எங்க வீட்டுக்கு ஆளு வரும்” என்றாள். எடை போடுகிற பையன் என் முகத்தைப் பார்த்தான். அவள் கல்லைத் திரும்ப எடுத்து முடிந்துகொண்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் வரவில்லை. இன்றும் வரவில்லை.

மேனேஜர், “சாரமில்ல, விடு” என்று, ஒன்றுமில்லாத விஷயம் போலப் போய்விட்டார். எனக்கு விடவில்லை. ஒரு மாதம் அவளைப் பார்த்தேன். அவள் எடுத்தது காய் என்று என் கண்ணாலேயே கண்டேன். இப்போதும் கண்ணை மூடினால் காய்தான் தெரிகிறது.

வேறு எழுத வரவில்லை.

காசிராஜன்

*

போடி
22.10.2024

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான் நம்பவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மாதம் பார்த்த பெண், திடீரென்று வேலைக்கு வரவில்லை, மனசு விடவில்லை என்று எழுதினால் நான் என்ன நினைப்பேன்? கல், தராசு எல்லாம் கதை கட்டின மாதிரி இருந்தது. கிட்டங்கியில் லீவு சொல்லிவிட்டு, பஸ்ஸில் சிலமலைக்குப் போனேன். விசாரித்தால் வீட்டைக் காட்டினார்கள்.

அவள் முறத்தில் பருப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே எட்டு, ஒன்பது வயதில் ஒரு பெண் படுத்துக்கொண்டு போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. நான் யாரென்று சொன்னேன்.

பேச்சி முறத்தைக் கீழே வைத்தாள். “கணக்குப்பிள்ள சம்சாரமா? அவரு மலையில இருந்து பாத்தாரு. நீ கீழ இருந்து பாக்க வந்தியாக்கும்.”

“இல்லக்கா. நடந்தது தப்புன்னு கேள்விப்பட்டேன். அதான்...”

“கேள்விப்பட்டியா, நெசமான்னு பாக்க வந்தியா?” என்று கேட்டுவிட்டு எழுந்து நின்றாள். “நான் எப்பிடி இருக்கேன்னு நல்லாப் பாத்துக்க. பாத்தாச்சுன்னா போ.”

மாமா, அவள் சொன்னது சரி. நான் அதற்குத்தான் போனேன். வாசலில் நின்ற நேரத்தில் அவள் முகம், கழுத்து, வயசு எல்லாவற்றையும் அளந்து முடித்திருந்தேன். அழுகை வந்துவிட்டது. அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். உட்கார் என்று சொல்லவில்லை. நானாகத்தான் உட்கார்ந்தேன்.

கல்லை எதற்கு எடுத்தீர்கள் என்று கேட்டேன். “இந்தா கெடக்காள்ல, இவளுக்குத்தான். ராவெல்லாம் போனு. தூங்கவே மாட்டேங்குறா. நாங்கள்லாம் கல்லு வெளையாடிட்டுப் படுத்தா விடிஞ்சுதான் முழிப்போம். அதான் சொல்லிக் குடுப்போம்னு எடுத்தேன். ஓடைக்கல்லு நல்லா இருக்கும்.” அந்தப் பிள்ளை தலையைக்கூடத் தூக்கவில்லை. கல் ஐந்தும் கதவோரம் கிடந்தது. “ஒரு தடவ ஆடிட்டு, கை வலிக்குதுன்னு போட்டுட்டா” என்றாள்.

எங்கள் வீட்டுக்காரர் வந்து மன்னிப்புக் கேட்பார் என்று சொல்ல வாயெடுத்தேன். “எங்கிட்ட வர வேணாம். இங்க வந்து கேட்டா எவளுக்குத் தெரியும்? என்னிய நிறுத்துன எடத்துல, அதே பொம்பளைக முன்னாடி சொல்லச் சொல்லு” என்றாள். சொல்லிவிட்டேன்.

இனி உங்கள் கேள்விக்குப் பதில்.

கேமராவை மாட்டும்போது வினோத்குமார் சொன்னான்: “அக்கா, நீங்க இங்க பேசுனா மாமாவுக்கு அங்க கேக்கும்.” நீங்கள் தூங்காமல் கிடக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆன்லைன் என்று பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். போனில் பேசினால் நமக்கு அரிசி, கரண்டு பில் தவிர எதுவும் வருவதில்லை. அதனால் புத்தகத்தைச் சத்தமாக வாசித்தேன். உங்களுக்குத்தான் வாசித்தேன். கேமராவைப் பார்த்து வாசிக்க வெட்கமாக இருந்தது. அதனால் பீரோக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டேன். நீங்கள் கேட்கிறீர்கள், ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டு கிடக்கிறீர்கள் என்று நினைத்தேன். சிரிப்பு வருகிற இடத்தில் நீங்களும் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன்.

அன்றைக்கு நீங்கள் போன் செய்து யாரிடம் பேசினாய் என்றபோது, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எவனுக்கு வாசித்தாய் என்று கேட்கிறீர்கள் என்றுதான் எனக்கு அர்த்தமாயிற்று. அதுதான் வாய் வரவில்லை.

சந்திரவல்லி

*

தோட்டம்
26.10.2024

வல்லி,

உன் கடிதத்தை ஸ்டோருக்குள் அடுப்புச் சூட்டில் நின்று படித்தேன். படித்ததும் நான் என்ன செய்தேன் என்று எழுதுகிறேன். நீ மறைக்காமல் எழுதியதால் நானும் மறைக்கவில்லை.

முதலில் நம்பவில்லை. நன்றாக யோசித்து எழுதியிருக்கிறாள் என்று நினைத்தேன். வினோத்குமாருக்குப் போன் போட்டேன். “அண்ணே, நீங்க சத்தத்த உங்க போன்லதான நிறுத்திருக்கீங்க. பழைய பதிவுல எல்லாம் இருக்கும். தேதியத் தொட்டாக் கேக்கும்” என்றான். தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்து, தேதியைத் தேடி எடுத்துவிட்டேன். பாயில் நீ உட்கார்ந்திருக்கிற படம் வந்தது. விரலை வைத்தால் போதும்.

வைக்கவில்லை. கேட்டு நீ சொன்னது உண்மை என்று தெரிந்தால், அதற்கப்புறம் உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? கேட்ட பிறகுதான் நம்பினேன் என்று ஆகிவிடும். எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். வீட்டுக் கட்டத்தையும் போனிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது ஒன்பதுதான். அதுவும் இல்லை, கீழே படி.

நேற்று எடை போடுகிற நேரத்தில் எல்லோரையும் நிற்கச் சொன்னேன். மறுபடி யார் மடியை உதறப் போகிறானோ என்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “பேச்சி ஒண்ணும் எடுக்கல. நான் பாத்தது தப்பு. அவள நிறுத்துனது எந்தப்பு” என்றேன்.

மூக்கம்மாள் பின்னாலிருந்து, “இன்னொருக்கா சொல்லுங்க கணக்குப்பிள்ள. பின்னாடி நிக்கிறவளுகளுக்குக் கேக்கல” என்றாள். இன்னொரு முறை சொன்னேன்.

மேனேஜருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். வேலைக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்கிறவன் மேற்பார்வைக்கு ஆகமாட்டான் என்று, கேமரா பார்க்கிற பொறுப்பை இங்கே வேலை பார்க்கிற யோகராஜிடம் கொடுத்துவிட்டார். இனி எனக்குக் காட்டு வேலைதான். இன்று காலையில் ஆறாவது கட்டம் இருக்கிற இடத்தில் நடந்தபோது பிடரி கூசியது. யோகராஜ் பார்த்துக்கொண்டிருப்பான். நான் குனியவே இல்லை. காலணி வார் அவிழ்ந்திருந்தது, அப்படியே நடந்துவிட்டேன்.

பேச்சி திரும்பி வரவில்லை. வேறொரு தோட்டத்து ஜீப்பில் போகிறாள். மலைப்பாதை ஏறுகிற மெட்டுக்குப் பக்கத்தில் என் ஜீப்பைத் தாண்டிப் போனாள். என்னைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

பிரபாகரனிடம் இனி அந்தத் தெருப்பக்கம் போகாதே என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டான். என் புத்தி சரியில்லாமல் இருந்தது என்றேன்.

ராத்திரி வேலை இல்லை. ஆனாலும் தூக்கம் வரவில்லை. வெறும் இருட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். நீ சிரித்தாயே, அது எந்த இடம்? என்ன கதை அது? கண்ணைத் துடைத்தாயே, யார் செத்துப்போனார்கள்? அவ்வளவு ராத்திரி பார்த்தேன், ஒரு சொல்கூடத் தெரியாது எனக்கு.

தீபாவளிக்கு வரலாமா என்று எழுது. வராதே என்றாலும் எழுது.

காசிராஜன்

*

போடி
28.10.2024

மாமாவுக்கு,

வாருங்கள். புதன்கிழமையே இறங்கிவிடுங்கள். மழை பெய்தால் மெட்டில் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். பவதாரணியும் அன்றைக்குத்தான் வருகிறாள்.

நீங்கள் கேட்காமலே அழித்தேன் என்று எழுதியதை நம்புகிறேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பாதி நம்புகிறேன். மீதிக்கு நாளாகும். அதற்காக வருத்தப்படாதீர்கள். உங்களுக்கும் என்மேல் மீதி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கதையில் யாரும் சாகவில்லை. கப்பலில் சமையல்காரனாகப் போன ஒருவன், ஊர் ஊராகக் கரை இறங்குகிறான். உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போட்டுக் கேப்டனிடம் மாட்டிக்கொள்கிற இடத்தில்தான் சிரித்தேன். அழுதது, அவன் வீட்டுக்குத் திரும்பி வந்து கதவைத் தட்டுவதற்கு முன்னால் ரொம்ப நேரம் வெளியே நிற்கிற இடம்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நேற்று மறுபடி எடுத்துவந்தேன். கேமராவைக் கழற்றிவிட்டுச் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. என் குரல் எனக்கே யாரோ ஒட்டுக் கேட்கிற குரல் மாதிரி இருந்தது. மூடிவைத்துவிட்டேன். அது திரும்ப வருமா, வராதா, தெரியவில்லை.

அதனால் வரும்போது உங்கள் கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள். இந்தத் தடவை நீங்கள் வாசியுங்கள். முதல் பக்கத்திலிருந்து. எழுத்துக் கூட்டி வாசித்தாலும் பரவாயில்லை, நான் சிரிக்க மாட்டேன். நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பேன். தூங்கிவிட்டேனா என்று எட்டிப் பார்க்காமல் வாசித்துக்கொண்டே போங்கள்.

சந்திரவல்லி